'மாடுலர் டிரான்ஸாக்‌ஷன்' என்று சொல்லி விற்கிறார்கள், உள்ளே திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்

எங்களுக்கு என்டர்பிரைஸ் ஃபிரேம்வொர்க் (நிறுவன மென்பொருளைக் கட்டுவதற்கான அடித்தளம்) விற்ற கம்பெனியின் பெயரைப் போடப் போவதில்லை, ஒப்பந்தச் சண்டை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அவர்கள் செய்ததை யாரும் செய்யலாம் என்பதால் எழுதுகிறேன்.

ஆர்டர், ஸ்டாக், பில்லிங் மூன்றும் தனித்தனி மாட்யூல், தனித்தனி டேட்டாபேஸ், ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரான்ஸாக்‌ஷன் மேனேஜர் (ஒரு தொகுதி டேட்டாபேஸ் மாற்றங்களை முழுதாக முடிக்கும், இல்லாவிட்டால் முழுதாக ரத்து செய்யும் பகுதி), எதை வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம், ஒன்று தவறினாலும் எல்லாமே ரோல்பேக் ஆகி, பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்றார்கள். டூ ஃபேஸ் கமிட் (எல்லா டேட்டாபேஸும் சம்மதித்த பிறகே கமிட் செய்வது, அதாவது மாற்றத்தை நிரந்தரமாக்குவது) உண்டு என்று அவர்கள் ஆவணத்திலேயே இருந்தது. டெமோவும் ஜோராக ஓடியது. ஓடாமல் என்ன செய்யும்? டெமோவில் மூன்று மாட்யூலும் ஒரே டேட்டாபேஸில் இருந்தன என்பது பின்னால்தான் தெரிந்தது.

புரொடக்‌ஷனில் பில் இருக்கும், அதற்கான ஆர்டர் இருக்காது. சப்போர்ட்டில் கேட்டால் "உங்க நெட்வொர்க் பிரச்சினை சார்" என்று டிக்கெட்டை மூடிவிடுவார்கள். கடைசியில் எங்கள் டீமில் ஒருவர் ஜார் ஃபைலை (ஜாவா நிரல் பொதியை) பிரித்துப் பார்த்தார். உள்ளே ஒரு ஃபார் லூப். ஒவ்வொரு மேனேஜரையும் கூப்பிட்டு வரிசையாகக் கமிட் செய்கிறது, அவ்வளவுதான். முதலில் பில்லிங் கமிட் ஆகிவிடும். ஆர்டர் டேட்டாபேஸின் கனெக்‌ஷன் அந்த நேரம் பார்த்து அறுந்தால் வருகிற எக்ஸெப்ஷனை (பிழை அறிவிப்பை) ஒரு கேட்ச் பிளாக் விழுங்கி, டீபக் லாகில் ஒரு வரி எழுதிவிட்டு, கூப்பிட்டவருக்கு 'வெற்றி' என்று பதில் அனுப்புகிறது!

வரிசையாகக் கமிட் செய்யும் வழி புதிதில்லை. ஜாவாவுக்கான ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க்கின் ஸ்பிரிங் டேட்டாவில் இருந்த செயின்டு டிரான்ஸாக்‌ஷன் மேனேஜரும் ஏறக்குறைய இதைத்தான் செய்தது, 2021-ல் அதைக் கைவிட வேண்டியது என்று குறித்துவிட்டார்கள். ஆனால் அது, பாதி கமிட் ஆகிப் பாதி விழுந்தால் எக்ஸெப்ஷனாவது வீசும். நிஜமான டூ ஃபேஸ் கமிட்டில் எல்லா டேட்டாபேஸும் முதலில் 'தயார்' என்று சொல்ல வேண்டும், அந்த முடிவு டிஸ்க்கில் பதிவாக வேண்டும், அப்புறம்தான் கமிட். நாங்கள் வைத்திருப்பது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். அதில் தயார் நிலை டிரான்ஸாக்‌ஷன்களின் உச்ச வரம்பு இயல்பாகவே 0, நாமே மாற்றினால்தான் அந்த வசதி வேலை செய்யும். இவர்களுடைய நிறுவல் கையேட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, எங்கள் சர்வரிலும் 0 தான் இருந்தது. இல்லாத வசதிக்குத்தான் லைசென்ஸ் கட்டியிருக்கிறோம்.

இன்னொன்று, ஆடிட் மாட்யூல். எது ரோல்பேக் ஆனாலும் ஆடிட் வரி நிற்க வேண்டும் என்று அதற்குத் தனி டிரான்ஸாக்‌ஷன் வைத்திருந்தார்கள். யோசனை சரி. ஆனால் வெளி டிரான்ஸாக்‌ஷன் ஒரு கனெக்‌ஷனைப் பிடித்துக்கொண்டே உள்ளே இரண்டாவது கேட்கிறது. கனெக்‌ஷன்களைச் சேர்த்து வைத்துத் தரும் ஹிகாரி பூலின் இயல்பு அளவு 10, ஒரே நேரத்தில் பத்து பேர் வந்தால் பத்து பேரும் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்காக 30 வினாடி நின்று விழுவார்கள். இதற்கு அவர்கள் சொன்ன மருந்து, பெரிய சர்வர் வாங்குங்கள்! சும்மா உட்கார்ந்திருக்கும் சர்வரை எதற்குப் பெரிதாக்குவது?

ஸ்பிரிங்கில் செக்டு எக்ஸெப்ஷனுக்கு (கையாளச் சொல்லி ஜாவா கட்டாயப்படுத்தும் பிழை வகைக்கு) இயல்பாக ரோல்பேக் நடக்காது என்பதும் அவர்களுக்குத் தெரியவில்லை, பிழை எல்லாவற்றையும் அப்படி ஒன்றில்தான் சுற்றி வைத்திருந்தார்கள்.

ஆதாரத்தோடு கேட்டதும் பேச்சு மாறியது. பல டேட்டாபேஸ் டிரான்ஸாக்‌ஷன் 'பிரீமியம் மாட்யூல்', அதற்குத் தனி லைசென்ஸாம்.

இப்படி எதையாவது வாங்கப் போகிறவர்கள் டெமோவை நிஜமாகவே தனித்தனி டேட்டாபேஸில் ஓட்டச் சொல்லுங்கள். முதல் கமிட்டுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் பிராசஸைக் கொன்றுவிட்டு, திரும்ப ஏற்றி, இரண்டு டேபிளையும் நீங்களே பாருங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடலாம். டூ ஃபேஸ் கமிட் எல்லோருக்கும் தேவை என்றும் சொல்லமாட்டேன். நாங்கள் இப்போது ஆர்டரோடு ஒரே டிரான்ஸாக்‌ஷனில் அவுட்பாக்ஸ் டேபிளில் (அனுப்ப வேண்டிய செய்திகளின் பட்டியலில்) ஒரு வரி எழுதி, பிறகு அதை பில்லிங்குக்கு அனுப்புகிறோம்; அதே செய்தி இரண்டு முறை வந்தாலும் பில்லிங் ஒரு பில்தான் போடும். கடைசித் தவணையை நிறுத்தி வைத்திருக்கிறோம், அனாதை பில்களுக்கு ஆர்டர் தேடும் வேலை இன்னும் முடியவில்லை.