ஒயின் பாட்டிலைக் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள்: 239 வெள்ளி பறிகொடுத்த எரிச்சலில் எழுதுகிறேன்

239 வெள்ளி 80 காசு. ஒரே ஒரு ஒயின் பாட்டிலுக்கு எங்களிடம் கூடுதலாகப் பிடுங்கிய தொகை இது. சனிக்கிழமை இரவு நடந்தது, இன்னும் கொதிப்பு அடங்கவில்லை. உணவகத்தின் பெயரைப் போடவில்லை. சிங்கப்பூர் நகர மையத்தில் கடைவீட்டு வரிசையில் இருக்கும் இத்தாலிய உணவகம். மங்கலான விளக்கு, தோல் அட்டை போட்ட கனமான ஒயின் பட்டியல். அந்த ரகம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

அக்காவுக்கும் அத்தானுக்கும் 25ஆவது திருமண நாள். அத்தானுக்கு பரோலோ என்றால் உயிர். வட இத்தாலியின் பியட்மாண்ட் பகுதியில் நெபியோலோ என்ற திராட்சையில் மட்டுமே செய்கிற சிவப்பு ஒயின் அது. நிறம் வெளிறித்தான் இருக்கும், ஆனால் வாயில் வைத்தால் நல்ல துவர்ப்பு, ஆட்டிறைச்சிக்கு அப்படிப் பொருந்தும். பட்டியலில் 120 வெள்ளிக்கு ஒன்று இருந்தது. பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் என்ன அர்த்தம் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்: 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதையும் சேர்த்து அதன் மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. ஆக 143 வெள்ளி 88 காசு. கணக்குப் போட்டுத்தான் விரலை வைத்துக் காட்டினேன்.

"அது முடிந்துவிட்டது சார்" என்றார் ஒயின் பரிமாறுபவர். பிறகு பக்கத்தில் நின்று நிதானமாகப் பேசினார். என்ன சாப்பிடப் போகிறோம், அத்தான் இதற்கு முன் எதைக் குடித்திருக்கிறார் என்றெல்லாம் கேட்டார். லா மோரா கிராமத்து பரோலோ மென்மையாக இருக்கும், செர்ராலுங்கா பக்கத்தது இறுக்கமாக இருக்கும், உங்கள் ஆட்டுக்கு செர்ராலுங்காதான் சரி என்றார். சொன்னது எல்லாமே உண்மையான தகவல். அதனால்தான் நம்பினோம். அத்தான் முகம் மலர்ந்துபோய் அவரோடு பேசிக்கொண்டிருந்தார். "விலை எவ்வளவு?" என்று வாய்விட்டுக் கேட்டேன். "கிட்டத்தட்ட அதேதான் சார், பத்து இருபது முன்னே பின்னே இருக்கும். என்னிடம் விட்டுவிடுங்கள்." சொல்லிக்கொண்டே என் கைக்குக் கீழே இருந்த பட்டியலை மூடி, அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒயின் வந்தபோது பாட்டிலாக வரவில்லை. ஏற்கெனவே திறந்து, கண்ணாடிக் குடுவையில் ஊற்றித்தான் வந்தது. நெபியோலோவுக்குக் கொஞ்சம் காற்றுப் பட வேண்டும் என்றார். அதுவும் உண்மைதான். ஆனால் குடுவையில் ஊற்றுவதற்கு முன்னால் பாட்டிலைக் கொண்டுவந்து லேபிளைக் காட்டுவதும், மேசையிலேயே தக்கையை எடுப்பதும்தானே முறை? காலி பாட்டில் தூணுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மேசையில் நின்றது.

ரசீது வந்தது. 'பரோலோ ரிசெர்வா 2013 – 320.00'. வரி எல்லாம் சேர்த்து அந்த ஒரு பாட்டிலுக்கு மட்டும் 383 வெள்ளி 68 காசு.

மேற்பார்வையாளரைக் கூப்பிட்டேன். "நீங்கள் குடித்து முடித்துவிட்டீர்களே சார்." இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். விலை பற்றி அவருடைய ஆள் சொன்னதைச் சொன்னால், "அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்." அவரையே கூப்பிடுங்கள் என்றால், "வேலை முடிந்து கிளம்பிவிட்டார்." அக்கா என் கையைப் பிடித்து, "விடுடா தம்பி, இன்னைக்கு வேணாம்" என்றாள். அவள் முகத்துக்காகக் கட்டினேன்.

வீட்டுக்கு வந்து அக்கா அனுப்பிய படங்களைப் பார்த்தால், ஒன்றில் அவர்கள் இருவருக்கும் பின்னால் அந்தச் சின்ன மேசை. பெரிதாக்கினேன். லேபிளில் பரோலோ, 2018. ரிசெர்வா என்ற சொல்லே இல்லை. சாதாரண பரோலோவைக் குறைந்தது 38 மாதம் வைத்திருந்து விற்கலாம். ரிசெர்வா என்று போட 62 மாதம் ஆக வேண்டும். விலை ஏறுவதே அதற்காகத்தான். எங்களுக்கு ஊற்றியது ஒன்று, ரசீதில் ஏற்றியது வேறொன்று.

திங்கட்கிழமை போன் செய்தேன். மேனேஜர் கூட்டத்தில் இருக்கிறார், திரும்ப அழைப்பார். அழைக்கவில்லை. படத்தையும் ரசீதையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். நேற்று பதில் வந்தது: "உங்கள் கருத்துக்கு நன்றி", அடுத்த முறை வரும்போது பயன்படுத்த 30 வெள்ளி பற்றுச்சீட்டு, அதுவும் 200 வெள்ளிக்கு மேல் சாப்பிட்டால். படத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. 239 வெள்ளி 80 காசுக்கு 30 வெள்ளி, அதையும் அவர்களிடமே போய்ச் செலவழிக்க வேண்டுமாம்!

ஒயின் தேர்ந்தெடுப்பது பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். "வேறொன்று இருக்கிறது" என்று சொன்னால் பட்டியலைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள். அந்த வரியையும் விலையையும் விரலால் காட்டச் சொல்லுங்கள். ஆண்டைப் பாருங்கள். மூடிய பாட்டிலை மேசைக்குக் கொண்டுவரச் சொல்லி, லேபிளைப் படம் எடுத்துவிட்டுத் திறக்கச் சொல்லுங்கள். விருந்தினர் முன்னால் இதெல்லாம் அற்பமாகத் தெரியுமோ என்று கூச்சப்படாதீர்கள், அந்தக் கூச்சத்தை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். முதலில் கொஞ்சமாக ஊற்றித் தருவது கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க. ஈர அட்டைப்பெட்டி வாடை அடித்தால் தயங்காமல் திருப்பி அனுப்பலாம்.

பயனீட்டாளர் சங்கமான கேஸில் (CASE) புகார் கொடுத்துவிட்டேன். அங்கே சரிவராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். வழக்கறிஞர் தேவையில்லை, இந்தத் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். படம், ரசீது, மின்னஞ்சல் மூன்றையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். பட்டியலில் ஒரு விலை, ரசீதில் ஒரு விலை என்று உங்களுக்கும் நடந்திருந்தால் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள், எனக்கு எழுதுங்கள்.