ஒட்டும் கைப்பிடி: குளியலறைக்குப் போதுமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் பெரியவர்களை வீட்டிலேயே பார்த்துக்கொள்பவர்களுக்கு, சுவரில் துளை போடாமல் ரப்பர் கிண்ணத்தால் ஒட்டும் இந்தக் கைப்பிடி ஆசைகாட்டும். வழவழப்பான டைலில் நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் கிண்ணம் முழுதும் ஒரே டைலுக்குள் அடங்க வேண்டும். டைல் இடுக்கில் விளிம்பு பட்டால் காற்று நுழைந்து பிடி தளர்ந்துவிடும். பார்த்தால் ஒட்டியிருப்பது போலவே இருக்கும், அதுதான் ஆபத்து. பெயிண்ட் அடித்த சுவரில் ஒட்டவே கூடாது.

சோப்புப் படலத்தைத் துடைத்து, ஈரம் காய்ந்தபின் ஒட்டுங்கள். ஒவ்வொரு குளியலுக்கு முன்பும் பலமாக இழுத்துப் பாருங்கள்.

தடுமாறாமல் தொட்டுக்கொள்ள இது உதவும். உடல் எடையைத் தாங்காது. கழிப்பறையிலிருந்து எழும் ஆயா, தாத்தாவுக்கு, தயவுசெய்து, செங்கல் சுவரில் திருகாணியால் இறுக்கிய எஃகுக் கம்பியே வையுங்கள். துண்டு மாட்டும் கம்பியைப் பிடிக்க விடாதீர்கள், பெயர்ந்து கையோடு வந்துவிடும்.