மூளைக்குள் மின்தூண்டலா, வயிற்றில் பம்ப்பா?

களியக்காவிளைப் பக்கம் இரண்டு வீடுகளில் இதே கேள்வியைக் கேட்டார்கள். பார்க்கின்சன் (நடுக்குவாதம்) வந்து பத்து வருஷம். லெவோடோப்பா மாத்திரை போட்டால் இரண்டு மணி நேரம் நடமாட்டம், அப்புறம் உடம்பு உறைந்துவிடுகிறது. என் அப்பாவும் வாசற்படியில் செருப்பு தரையோடு ஒட்டியதுபோல் நிற்பார். காலுக்கு முன்னால் சாக்பீஸால் ஒரு கோடு போட்டால், அதைத் தாண்டி நடப்பார்.

முறை
டி.பி.எஸ். (மூளையின் ஆழத்தில் மின்தூண்டல்): மண்டையோட்டில் துளையிட்டு மூளையின் ஆழத்தில் மின்முனைகள், நெஞ்சுத் தோலுக்கடியில் பேட்டரி.
அப்போமார்ஃபின் பம்ப்: வயிற்றுத் தோலில் மெல்லிய ஊசி, அதன் வழியாக விழித்திருக்கும் நேரமெல்லாம் அப்போமார்ஃபின் மருந்து இறங்கும். வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம்.

செலவு
டி.பி.எஸ்.: எடுத்த எடுப்பில் பல லட்சம்.
பம்ப்: தொடக்கத்தில் குறைவு, மருந்துச் செலவு தினமும்.

உழைப்பு
டி.பி.எஸ்.: சாதாரண பேட்டரி 3 முதல் 5 வருஷம், சார்ஜ் ஏற்றும் வகை 15 வருஷம் வரைகூட வரும்.
பம்ப்: ஊசியைத் தினமும் மாற்ற வேண்டும், குத்திய இடத்தில் சின்னக் கட்டிகள் வரும்.

மாத்திரைக்கு உடம்பு நன்றாகக் கேட்கிறது, நினைவு தெளிவு, வயது எழுபதுக்குள் என்றால் டி.பி.எஸ். பக்கமே நிற்பேன். நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை மருத்துவமனையிலேயே செய்கிறார்கள். ஆனால் குளறும் பேச்சும் தடுமாறும் சமநிலையும் இதனால் சரியாகிவிடாது. இதை வீட்டில் எல்லாருக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அறுவை தாங்காத உடம்பு, ஊசி மாற்றிவிட வீட்டில் ஆள் உண்டு என்றால் பம்ப். நினைவு மிகவும் மங்கியவர்களுக்கு இரண்டுமே சிரமம். முடிவெடுக்கும் முன் மாத்திரை இல்லாமல் ஒரு முறை, போட்டபின் ஒரு முறை நடக்கவைத்துப் பார்ப்பார்கள். அன்றைக்கு அவசியம் கூடப் போங்கள்.