மதுரையிலிருந்து கயாக், ராஃப்டிங்: காரங்காடா, தேக்கடியா, கோழிக்கோடா, குடகா?

ரிஷிகேஷ் வீடியோவைப் பார்த்துவிட்டு "நம்ம ஊர்ப் பக்கம் ராஃப்டிங் எங்கே இருக்கு?" என்று கேட்பவர்கள் இப்போது நிறைய. ராஃப்டிங் என்றால் நுரை தள்ளிப் பாயும் ஆற்றில் காற்றடைத்த மிதவையில் போவது. பக்கத்தில் இல்லை என்பதுதான் நேரான பதில். ஆறு நுரை தள்ளிப் பாய வேண்டுமென்றால் சரிவு வேண்டும், பாறை வேண்டும், விடாமல் தண்ணீர் வர வேண்டும். வைகையோ மதுரைக்கு வரும்போது சமவெளியில் பரந்து கிடக்கும் மணலாறு, அணையைத் திறந்தால்தான் அதில் ஓட்டமே. கும்பக்கரை, சுருளி அருவிகளில் சரிவும் பாறையும் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேல்மலையில் பெய்த மழை வெள்ளமாக இறங்கும் இடங்கள் அவை. அங்கே டியூபோ மிதவையோ எடுத்துக்கொண்டு இறங்கும் எண்ணமே வேண்டாம்.

அப்படியானால் என்ன செய்வது? துடுப்புப் பிடித்துப் பழகாதவர்கள் முதலில் கிழக்கே போங்கள். தொண்டிக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகும் கயாக்கும் (ஓரிருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் குறுகிய படகு) விடுகிறார்கள். இருபுறமும் மரம் நிற்பதால் காற்று அடங்கியிருக்கும், தண்ணீரும் பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். துடுப்பை எந்தப் பக்கம் போட்டால் படகு எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அங்கே ஒரே காலையில் உடம்பு கற்றுக்கொள்ளும். குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வேறு. பாக் நீரிணைப் பக்கம் வடகிழக்குப் பருவமழையின்போது கொந்தளிப்பாக இருக்கும், அதனால் நவம்பரில் போவதாக இருந்தால் முதல் நாளே விசாரித்துவிடுங்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால் இறங்கிவிடுவது நல்லது, உப்புக்காற்றோடு சேர்ந்து தோலை உரித்துவிடும்.

மேற்கே தேக்கடி முற்றிலும் வேறு அனுபவம். பெரிய சுற்றுலாப் படகைச் சொல்லவில்லை, வனத்துறை கூட்டிப்போகும் மூங்கில் மிதவையைச் சொல்கிறேன். சின்னக் குழுவாகக் காட்டுக்குள் நடந்து, அப்புறம் மிதவையில் ஏறித் துடுப்புப் போட்டுப் போக வேண்டும், துப்பாக்கியோடு வனக்காவலர் ஒருவரும் உடன் வருவார். 1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டி நீர் தேங்கியபோது மூழ்கிய காட்டின் மொட்டை மரங்கள் இன்னும் ஏரிக்குள் நிற்கின்றன. இதே தண்ணீர்தான் சுரங்கம் வழியாக இறங்கி வைகையில் சேர்ந்து மதுரைக்கு வருகிறது. எனக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே தேக்கடி பிடிக்கும். ஆனால் கயாக் கற்றுக்கொள்ள இது இடமில்லை, யானையும் காட்டெருமையும் கரைக்கு வருவதைப் பார்க்கிற இடம். கற்பதற்குக் காரங்காடு, காட்டுக்குத் தேக்கடி என்று வைத்துக்கொள்ளலாம். கொடைக்கானல் ஏரியில் பெடல் படகு மிதிப்பது குடும்பத்தோடு பொழுதுபோக்க நன்றாக இருக்கும், இந்தக் கணக்கில் அது சேராது.

இனி நிஜமான வெள்ளாட்டம், அதாவது நுரை தள்ளிப் பாயும் ஆற்றில் துடுப்புப் போடுவது. அதற்கு தென்மேற்குப் பருவமழையைத் தேடி மலையின் அந்தப் பக்கம் போக வேண்டும், ஜூன் முதல் செப்டம்பர் வரை. கோழிக்கோடு மாவட்டத்தில் இருவஞ்சிப்புழை, சாலிப்புழை என்று இரண்டு ஆறுகள். 2013-லிருந்து அங்கே கயாக் போட்டி நடக்கிறது, வெளிநாட்டு வீரர்களெல்லாம் வருகிறார்கள். ஆறு குறுகல், வழியெல்லாம் பாறை. பயிற்சி இல்லாதவர் அதில் கயாக்கோடு இறங்குவது தற்கொலைக்குச் சமம். கவிழ்ந்த படகை உள்ளே உட்கார்ந்தபடியே இடுப்பைத் திருப்பி நிமிர்த்தத் தெரிய வேண்டும், அதற்கே மாதக்கணக்கில் பழக்கம் வேண்டும். கரையில் நின்று போட்டி பார்க்க மட்டும் போனாலும் போன வழிச்செலவு வீணில்லை.

கர்நாடகத்தில் குடகின் தெற்கே ஓடும் பாரப்பொளே ஆறு அப்படியில்லை. அங்கே ராஃப்ட், காற்றடைத்த பெரிய மிதவை, பின்னால் வழிகாட்டி உட்கார்ந்து திசையைப் பார்த்துக்கொள்வார், நீங்கள் அவர் சொல்லும்போது துடுப்புப் போட்டால் போதும். பாயும் ஆறு எவ்வளவு கடினம் என்பதை ஒன்றிலிருந்து ஆறு வரை வகுக்கும் சர்வதேச அளவுகோலில் இது மூன்றும் நான்கும் வரும், சும்மா இல்லை, ஆனாலும் நீச்சல் சுமாராகத் தெரிந்த புதியவர் போகக்கூடியது. மதுரையிலிருந்து மைசூருக்கு நேரடி ரயில் இருக்கிறது, அங்கிருந்து பஸ்ஸில் விராஜ்பேட்டைப் பக்கம் போய்விடலாம். தூரம் அதிகம்தான், இருந்தும் முதல் வெள்ளாட்டத்துக்கு என் ஓட்டு குடகுக்கே.

எங்கே போனாலும் லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். அமைதியான ஏரிதானே என்று நினைக்க வேண்டாம், 2009 செப்டம்பர் 30 அன்று அதே தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தோள்பட்டையில் பிடித்து மேலே இழுத்தால் ஜாக்கெட் காதுவரை ஏறக் கூடாது, ஏறினால் பெரிய அளவு, மாற்றித் தரச் சொல்லுங்கள். ஓடும் ஆற்றில் விழுந்தால் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள், பாறை இடுக்கில் கால் சிக்கினால் தண்ணீர் ஆளை அப்படியே அமுக்கிவிடும். மல்லாந்து படுத்து, கால்களைத் தண்ணீர் ஓடும் திசையில் நீட்டிக்கொண்டு, ஓட்டம் குறையும் இடத்தில் கரையை நோக்கி நீந்துங்கள். இதைப் படகில் ஏறும் முன்பே வழிகாட்டி சொல்லித்தர வேண்டும். சொல்லாமல் ஏறச் சொன்னால் ஏறாதீர்கள், முன்பணம் போனாலும் பரவாயில்லை.