ஒரு கிராமத்தைத் தெரிந்துகொள்ள: மக்கள்தொகைக் கணக்கெடுப்பா, சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பா?

இரண்டும் இந்தியாவில் 2011-ஐ ஒட்டி எடுத்தவைதான், ஆனால் கேட்ட கேள்விகள் வேறு: முதலாவது ஆட்களை எண்ணியது, இரண்டாவது (SECC) குடும்பங்களின் வறுமையையும் சாதியையும் கேட்டது. கிராமத்தில் எத்தனை பேர், ஆண் பெண் எவ்வளவு, எழுத்தறிவு, விவசாயிகள் எத்தனை பேர், கூலிகள் எத்தனை பேர் என்பதற்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராமவாரி அட்டவணையே போதும். ஒன்றைக் கவனியுங்கள்: எழுத்தறிவு விகிதம் பார்க்க, ஆறு வயது வரையுள்ள குழந்தைகளைக் கழித்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும்.

சாதி என்று வந்தால் அதில் பட்டியல் சாதி, பழங்குடி இரண்டு மட்டுமே. மற்ற சாதிகளுக்கு வெளியான கடைசி முழுக் கணக்கு 1931-இல் எடுத்தது. அதுமட்டுமல்ல, கிறிஸ்தவர்களான தலித்துகள் பட்டியல் சாதி எண்ணிக்கையில் வரமாட்டார்கள். சேரியில் தேவாலயம் உள்ள ஊரில் இந்த எண்ணை அப்படியே நம்பினால் ஏமாற்றம்தான்.

சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு சாதியைக் கேட்டது. விவரத்தை முழுதாக வெளியிடவில்லை. ஆனால் வறுமைக்கு அதுதான் சரி. ஒற்றை அறைக் குடிசை, நிலமில்லாத கூலிக் குடும்பம், 25 வயதுக்கு மேல் எழுதப் படிக்கத் தெரிந்தவர் இல்லாத வீடு போன்ற ஏழு வறுமைக் குறியீடுகள் அதில் உண்டு. கிராமப்புறப் பிரதமர் வீட்டுத் திட்டத்தின் முதல் பயனாளிப் பட்டியலுக்கும் இதுவே அடிப்படையாக இருந்தது.

முதலில் மக்கள்தொகை அட்டவணை, அப்புறம் இது என்பதே என் வரிசை. சாதி விவரத்துக்கு 2027 கணக்கெடுப்பு வரை பொறுக்க வேண்டும்.