இசடோரா டங்கன் காலத்து விருந்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு வேறொன்றைத் தந்தார்கள்: லண்டனில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

லண்டனில் ஒரு குறிப்பிட்ட காலத்தின் சாயலில் விருந்து நடத்தித் தருவதாக விளம்பரம் செய்யும் நிறுவனங்களிடம் முன்பணம் கட்டவிருப்பவர்கள், எங்களுக்கு நேர்ந்ததை அறிந்துகொண்ட பிறகு கட்டுவது நல்லது. நவீன நடனத்தின் தொடக்க காலத்தைக் கருவாகக் கொண்டு நாங்கள் கேட்ட விருந்துக்கும், 3,400 பவுண் பெற்றுக்கொண்டு அவர்கள் அமைத்துத் தந்ததற்கும் தொடர்பே இருக்கவில்லை. அதைவிடப் பெரிய வேதனை, அது யாருடைய பாராட்டு விழாவோ அவரையே புண்படுத்தியது என்பதுதான்.

எங்கள் ஆசிரியை, நவீன நடனத்தின் முன்னோடிகளில் ஒருவரான அமெரிக்கக் கலைஞர் இசடோரா டங்கனின் நடன முறையைப் பல ஆண்டுகள் கற்பித்து ஓய்வு பெறுகிறார். மாணவர்களாகிய நாங்கள் பணம் சேர்த்து, அவர் வாழ்நாள் முழுவதும் போற்றிய அந்தக் காலத்தை ஒரு மாலைப் பொழுதுக்காவது அவர் கண்முன் கொண்டுவர விரும்பினோம். ஆகவே வேண்டியதை மிகத் தெளிவாக எழுதிக் கொடுத்தோம். காலம் 1892 முதல் 1914 வரை. இசடோரா தம் மேடைக்குப் பின்னணியாக வைத்துக்கொண்டது எளிய நீலத் திரைகளையே என்பதால், மண்டபத்திலும் நீலத் திரைகள் தவிர வேறு அலங்காரம் வேண்டாம் என்றோம். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கிரேக்கக் குவளை ஓவியங்களைப் பார்த்துப் பார்த்து உருவாக்கிக்கொண்ட தளர்ந்த ஆடையைப் போன்ற உடைகளையும், இயலுமானால் ஆடை வடிவமைப்பாளர் மரியானோ ஃபோர்ச்சுனியின் டெல்ஃபோஸ் உடையைப் போல நுண்மடிப்பு வைத்த பட்டுடைகளையும் வாடகைக்குக் கேட்டோம். இசைக்கு ஷோப்பானும் ஷூபர்ட்டும் க்ளூக்கும் வாசிக்கத் தெரிந்த ஒரு பியானோ கலைஞர் வேண்டும் என்றோம். மண்டபத்தின் ஒரு மூலையில், 1892-இல் பாரிஸின் ஃபோலி பெர்ஜேர் அரங்கை வியக்க வைத்த நடனக் கலைஞர் லோயி ஃபுல்லரின் நினைவாக, நீண்ட கோல்கள் பொருத்திய வெள்ளைப் பட்டுத் துணியையும் வண்ண விளக்குகளையும் வைத்து, விருந்தினர்களே அத்துணியைச் சுழற்றிப் பார்க்க வழி செய்யும்படியும் கேட்டிருந்தோம். அவர்கள் அனுப்பிய விலைப்புள்ளியில் இவை அனைத்தும் ஒன்றுவிடாமல் எழுதப்பட்டிருந்தன.

விழா நாளன்று மண்டபத்தில் நாங்கள் கண்டது கறுப்பும் பொன்னிறமுமான பின்னணித் தட்டிகள், இறகு செருகிய தலைப்பட்டைகள், முழங்கால் வரை தொங்கும் முத்துமாலைகள், காகித ஷாம்பெயின் கோபுரம் ஆகியவற்றைத்தான். சுருங்கச் சொன்னால், எல்லா ஏற்பாட்டாளர்களிடமும் ஆயத்தமாக இருக்கும் 1920-களின் ஜாஸ் விருந்துப் பெட்டி. பியானோ கலைஞருக்குப் பதிலாக ஒலிபெருக்கியும், அதில் 1923-க்குப் பிறகு உலகெங்கும் பரவிய சார்ல்ஸ்டன் என்னும் துள்ளல் நடனத்தின் இசையும் இருந்தன. பத்துப் பதினைந்து ஆண்டு வித்தியாசம்தானே என்று அவர்களின் மேலாளர் கேட்டார். அந்த ஆண்டுகளுக்கு நடுவே ஓர் உலகப் போர் இருக்கிறது. இறுக்கும் மார்க்கச்சையைக் கழற்றி எறிந்து வெறுங்காலுடன் மேடை ஏறிய முதல் தலைமுறையின் கலைக்கும், பிந்தைய இரவு விடுதிகளின் கேளிக்கைக்கும் இடையே உள்ள தூரத்தை ஆண்டுகளால் அளக்க முடியாது. சார்ல்ஸ்டனை வெறுத்து அதற்கு எதிராக எழுதியவரே இசடோரா. ஃபுல்லரின் மூலையில் பட்டும் இல்லை, கோலும் இல்லை. பெல்லி டான்ஸ் கடைகளில் விற்கும் பளபளப்பான பிளாஸ்டிக் சிறகுகள் இரண்டு சோடி நாற்காலியில் கிடந்தன. தம் ஆடை அமைப்புக்கு 1894-இல் அமெரிக்காவில் காப்புரிமையே பெற்ற ஒரு கலைஞரின் பெயரை அந்த நாற்காலிக்கு மேலே அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்.

இவற்றைக்கூட ஒருவாறு பொறுத்துக்கொண்டிருப்போம். நுழைவாயிலுக்கு அருகே ஒளிப்படம் எடுத்துக்கொள்வதற்கென்று அட்டையால் செய்த திறந்த மோட்டார் கார் ஒன்றை நிறுத்தி, அதன் பின்சக்கரம் வரை தொங்கும் நீண்ட சிவப்புச் சால்வை ஒன்றையும் வைத்திருந்தார்கள். நாங்கள் கேட்காத இதை "எங்கள் அன்பளிப்பு" என்று வேறு சொன்னார்கள். இசடோரா 1927 செப்டம்பர் 14 அன்று நீஸ் நகரில் இறந்தது, அவர் அணிந்திருந்த நீண்ட பட்டுச் சால்வை திறந்த காரின் சக்கரத்தில் சிக்கிக் கழுத்தை இறுக்கியதால்தான். அதற்கும் முன்பே, 1913 ஏப்ரலில், அவருடைய இரு குழந்தைகளும் அவர்களின் செவிலியும் இருந்த கார் பாரிஸில் சேன் ஆற்றுக்குள் உருண்டு விழுந்து மூவரும் மூழ்கி இறந்தார்கள். ஒரு தாயின் பிள்ளைகளுக்கும் பின்னர் அவருக்குமே சாவைக் கொண்டுவந்த பொருளைச் சிரித்துப் படம் எடுத்துக்கொள்வதற்கான வேடிக்கையாக வைத்திருக்கிறார்கள் என்பதை எங்கள் ஆசிரியை உள்ளே வந்ததும் புரிந்துகொண்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். அதை அப்போதே அகற்றும்படி நாங்கள் கேட்டதற்கு, ஊழியர்கள் தங்கள் மேலாளரின் அனுமதி இல்லாமல் தொட முடியாது என்றார்கள். நாங்களேதான் தூக்கி வெளியே வைத்தோம்.

தமிழர்களாகிய எங்களில் சிலரை வருத்திய இன்னொன்றும் உண்டு. அமெரிக்க நடனக் கலைஞர் ரூத் செயின்ட் டெனிஸ் 1906-இல் நியூயார்க்கில் ஆடிய 'ராதா' என்னும் நடனம், இந்தியாவைப் பார்த்திராத ஒருவரின் கற்பனையில், டெலிப் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரின் இசைக்கு அமைந்தது. அந்தக் கற்பனையில் குறைகள் உண்டு என்றாலும் அதில் உண்மையான தேடலும் இருந்தது. 1925-26-இல் அவர் தம் குழுவுடன் இந்தியாவுக்கும் வந்து ஆடினார். அவரைப் பற்றி ஒரு சிறு படவரிசை மட்டுமே நாங்கள் கேட்டிருந்தோம். அவர்கள் மதுப்புட்டிகள் வைத்த மேசையின் நடுவில் ஒரு நடராசர் சிலையையும், அதன் காலடியில் ஒட்டும் பொட்டு அட்டைகளையும் வைத்திருந்தார்கள்.

பாதுகாப்பிலும் அலட்சியம் இருந்தது; இனி இதைப் போன்ற விருந்து நடத்துபவர்கள் இதை முதலில் கவனிக்க வேண்டும். வெறுங்காலுடன் ஆடுவோம் என்று எழுதிக் கொடுத்திருந்தும், மரப்பலகைத் தளத்திற்குப் பதிலாகக் கான்கிரீட்டின் மேல் மெல்லிய வினைல் விரிப்பைப் போட்டு அதன் ஓரங்களை ஸ்டேப்பிள் ஊசிகளால் அடித்திருந்தார்கள்; மாணவி ஒருத்தியின் பாதம் கிழிந்தது. தொங்கும் துணிகளுக்கு ஒரு முழம் தள்ளி உண்மையான மெழுகுவர்த்திகள் எரிந்தன. திரைத் துணிகள் தீத்தடுப்புச் செய்யப்பட்டவையா என்பதற்கான சான்றை, அதாவது மண்டப நிர்வாகங்கள் வழக்கமாகக் கேட்கும் பிஎஸ் 5867 என்னும் பிரிட்டிஷ் தரச் சான்றை, அவர்களால் காட்ட முடியவில்லை. நீளமான துணியைச் சுழற்றி ஆடுவதே இந்தக் கலையின் அழகு என்பதால், அவ்விடத்தில் தீச்சுடரே இருக்கக் கூடாது.

பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். முன்பணமாக 500 பவுணைக் கிரெடிட் கார்டில் கட்டினோம். மீதியை வங்கிப் பரிமாற்றமாகத் தந்தால் தள்ளுபடி என்றதால் அப்படியே அனுப்பினோம். எங்கள் புகாருக்கு நிறுவனம் தந்த பதில், "கலை சார்ந்த விளக்கம் ஆளுக்கு ஆள் மாறுபடும்" என்ற ஒற்றை வரிதான். அதன் பிறகு 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனத்திடம் கோரினோம். வாங்கும் பொருளின் அல்லது சேவையின் விலை 100 பவுணுக்கு மேற்பட்டு 30,000 பவுணைத் தாண்டாமல் இருந்து, அதில் ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், முழுத் தொகைக்கும் கார்டு நிறுவனம் கூட்டுப் பொறுப்பு ஏற்க வேண்டும் என்பது அந்தப் பிரிவு. விலைப்புள்ளியையும் மண்டபத்தின் படங்களையும் அருகருகே வைத்து அனுப்பினோம். 1,900 பவுண் திரும்பி வந்தது. ஆனால் உடைகளுக்கான பிணைத்தொகையைத் தனியே வேறொரு கணக்கிற்கு வங்கி வழியாகக் கட்டச் சொல்லியிருந்தார்கள். அந்த உடைகளில் "கறை" இருப்பதாகச் சொல்லி அதை இன்னும் வைத்திருக்கிறார்கள். 75-ஆம் பிரிவு அதற்குப் பொருந்தாது. 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம், சேவையைப் பற்றி வணிகர் சொல்லியும் எழுதியும் கொடுத்ததை நம்பி நாம் முடிவெடுத்தால் அது ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடும் என்கிறது. அதன் அடிப்படையில் 14 நாள் கெடு வைத்து வழக்குக்கு முந்தைய கடிதம் அனுப்பியிருக்கிறோம். பணம் வராவிட்டால் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைகள் பிரிவில் வழக்குத் தொடுப்போம். இங்கிலாந்தில் பொதுவாக 10,000 பவுண் வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுசெல்லலாம்.

நீங்கள் இப்படி ஒரு விருந்துக்குத் திட்டமிட்டிருந்தால், 'பழைய காலம்', 'விண்டேஜ்' என்ற சொற்களோடு விலைப்புள்ளியை ஏற்காமல், தொடக்க ஆண்டையும் இறுதி ஆண்டையும் அதில் எழுத வையுங்கள். அவர்கள் காட்டும் படங்கள் உண்மையில் எந்த நிகழ்ச்சியில் எடுத்தவை என்று கேட்டு, படத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். எங்களுக்குக் காட்டிய "முந்தைய நிகழ்ச்சி" ஒன்று ஓர் உடைக் கடையின் விளம்பரப் படம் என்பது பிறகு தெரியவந்தது. உடைகளையும் திரைத் துணிகளையும் நேரில் தொட்டுப் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். எழுதிக் கொடுத்த பட்டியலில் இல்லாத எந்தப் பொருளையும் உங்கள் எழுத்து அனுமதியின்றி மண்டபத்தில் வைக்கக் கூடாது என்ற ஒரு வரியையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்க மறுத்தால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள்.