மில்டன் பிரவுன் சிடி, ஏழு வருஷம் கழித்து

போன வாரம் சிடி பிளேயருக்கு லென்ஸ் மாற்றி வாங்கி வந்து, சோதித்துப் பார்க்க முதலில் போட்டது, 1930களின் அமெரிக்கப் பாடகர் மில்டன் பிரவுனின் தொகுப்பைத்தான். அன்றைக்கென்று பார்த்து நண்பன் ஒருவன் கேட்டான்: "வெஸ்டர்ன் ஸ்விங் கேட்கணும்டா, பாப் வில்ஸில் எதை வாங்கலாம்?" வெஸ்டர்ன் ஸ்விங் என்றால் கன்ட்ரியும் ஜாஸும் கலந்த அமெரிக்க நடன இசை, அதில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் வில்ஸ். வில்ஸில் ஆரம்பித்து வில்ஸோடு நிறுத்திக்கொள்ளும் கூட்டத்தில் இன்னொருவன்.

இத்தனைக்கும் வில்ஸும் பிரவுனும் ஒரு மாவு மில்லின் விளம்பரத்துக்காக வானொலியில் சேர்ந்து வாசித்தவர்கள். 1932இல் பிரவுன் பிரிந்து வந்து, டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில் மியூசிக்கல் பிரவுனிஸ் குழுவைத் தொடங்கினார். 1936 ஏப்ரலில் கார் விபத்து, மரணம். வயது 32. கதை அவ்வளவுதான்.

ஆனால் அதற்குள் குழுவுக்கு ஸ்டீல் கிட்டார்காரர் பாப் டன் வந்துவிட்டார். கம்பி மேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிக்கிற கிட்டார் அது. அதில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் கருவி) பொருத்தி, ஆம்ப்ளிஃபையர் வழியாக 1935 ஜனவரியில் சிகாகோவில் வாசித்ததுதான், கன்ட்ரி இசைத்தட்டில் மின்கருவி ஒலித்த முதல் தடவை என்பார்கள். ஸ்டீல் கிட்டார் என்றாலே ஹவாய்க்காரர்களின் இழுவை நினைவுக்கு வரும். 'டேக்கிங் ஆஃப்' கேட்டுப் பாருங்கள். மனிதர் இழுக்கவே மாட்டார், டிராம்போன்காரர் மாதிரி வெட்டி வெட்டி ஊதுவார்! குழுவில் டிரம்ஸே கிடையாது. வானா காஃப்மன் பாஸின் (ஆளுயர வயலின் மாதிரி இருக்கும்) கம்பியை அறையும் அறையில்தான் ஆட்டமே நடக்கிறது.

அந்த அறையும் சத்தம்தான் என் சிடியில் காணோம். நிமிடத்துக்கு 78 தடவை சுற்றும் பழைய இசைத்தட்டின் கரகரப்பை எடுக்கிறேன் என்று கம்பி பலகையில் மோதும் 'டப்'பையும் வழித்துவிட்டார்கள். செசில் பிரவரின் ஃபிடில் (வயலின்தான்), கதவுக்கு அந்தப் பக்கம் வாசிப்பதுபோல் இருக்கிறது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. சுத்தம் செய்யாத பிரதி ஒன்றை ஒருமுறை கேட்டேன். பொரிகடலை வறுக்கிற சத்தம், நடுவில் ஃபிடில் வில் கம்பியில் உரசுவதுகூடத் தெளிவாகக் கேட்கிறது. ஏழு வருஷமாகத் தீராத எரிச்சல் இது. லென்ஸ் மாற்றியும் தீரவில்லை.

சரி, இவ்வளவு புகழ்ந்துவிட்டு நண்பனிடம் என்ன சொன்னேன்? இந்தத் தொகுப்பை வாங்காதே என்றுதான். "அப்படியானால் உன்னுடையதைப் பாதி விலைக்குக் கொடு" என்றான்.

கொடுக்கவில்லை. இரவு மறுபடி போட்டேன், டன் வருகிற இடத்தில் மட்டும் மூன்று தடவை.